சுவாசமும் ஆசாரமும்

சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை மாலை, பெருமாளுக்கு மாவிளக்கு வைத்துக் கும்பிட்ட கையோடு, பக்கத்து வீட்டுப் பெரியம்மா என் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். எங்கள் ஊரான பெருமாநல்லூரில் சனிக்கிழமை மாலை என்றால் வாரச் சம்பளம் வாங்கிய ஜனங்களின் நடமாட்டமும், பனியன் கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் இரைச்சலுமாகத் தெரு நிறைந்திருக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவிலும் அவர் மடியில் ஒரு கட்டுப் பீஸும், விரலிடுக்கில் பிசிர் வெட்டுகிற சிறு கத்தரியும் இருந்தன. வயது எழுபத்தெட்டு ஆகியும், வீட்டுக்குக் கொண்டுவந்து போடும் பீஸ்களில் தையல் நூலின் மிச்சத்தை நறுக்கிக் கொடுத்து, அதில் வரும் சிறு வருமானத்தில் தம்முடைய கோயில் செலவைத் தாமே பார்த்துக்கொள்பவர் அவர். கண்ணாடி விளிம்பில் பஞ்சு படிந்திருந்தது. நறுக்கிய நூல்முனைகள் சேலை மடிப்பில் வெள்ளைவெள்ளையாய் ஒட்டிக்கொண்டிருந்தன.

“தம்பி, இங்கிலாந்துல எம் பேத்திக்குப் பள்ளிக்கூடத்துலயே மூக்குல மருந்து அடிக்கிறாங்களாமா. ஃப்ளூ காய்ச்சல் வராம இருக்கிறதுக்காமா. அதுல பன்னியில இருந்து எடுத்த பசை சேர்ந்திருக்குதுன்னு காயிதத்துலயே போட்டிருக்குதாமா. ‘போடலாமாம்மா, வேண்டாமா?’ன்னு புள்ள போன்ல கேக்கறா. நான் என்னன்னு சொல்லட்டும்?”

அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவன்றி வேறு அறியாதது. மகள் கடல் கடந்து போய்ப் பத்து ஆண்டுகள் ஆன பிறகும், அந்தக் குளிர் நாட்டில், முட்டை கலவாத ரொட்டி எது என்று கடைகளில் பொடியெழுத்தைப் படித்துப் பார்த்து வாங்கி, ஐந்து வயதுக் குழந்தைக்கும் அதையே பழக்கியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் பள்ளிக்கூடத்துச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் ஒரு கணம் தயங்கி, தாயைக் கேட்டதில் வியப்பில்லை. இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. எதை உட்கொள்வது, எதை விலக்குவது என்ற நியமம் ஒரு மனிதன் தன் உடலைப் பற்றிச் செய்துகொண்ட சங்கற்பம்; தினமும் மும்முறை, யாரும் பாராத இடத்திலும், அவன் தன்னையே கட்டுப்படுத்திக்கொள்ளும் அப்யாசம். அந்த அப்யாசத்துக்கு முரணாக ஒன்று வந்து நிற்கும்போது எழுகின்ற தர்மசங்கடம் மெய்யான சங்கடம். அதற்கு மெய்யான விடையைத்தான் தரவேண்டும்.

விடை தேடுமுன் பொருள் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? ஃப்ளூ என்று நாம் சுருக்கிச் சொல்லும் இன்ஃப்ளுயன்சா, சளியும் உடல்வலியுமாக ஒரு வாரம் படுக்கவைத்துப் போய்விடும் காய்ச்சலாகவே பெரும்பாலோருக்குத் தோன்றினாலும், ஆண்டுதோறும் உலகில் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை அதனால் சுவாச உறுப்புகள் பாதிக்கப்பட்டு இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இறப்பவர்களில் மிகுதியானோர் முதியவர்கள். 1918இல் இந்நோய் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக உள்ளே புகுந்து, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இதற்கு எதிராக மூக்கில் தெளிக்கும் மருந்து உண்டான கதை, என் போன்ற விஞ்ஞானம் பயிலாதவனையும் நெடுநேரம் சிந்திக்க வைத்த கதை. 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் கிடைத்த ஒரு ஃப்ளூ கிருமியை எடுத்துக்கொண்டு, மிச்சிகன் சர்வகலாசாலையில் பணிபுரிந்த ஹுனைன் மஸ்ஸாப் என்ற அறிஞர், அதை வரவரக் குளிர்ந்த சூழலில் வளர்த்து, இறுதியில் 25 பாகை வெப்பத்தில் செழித்து வளரும்படி பழக்கினார். அவ்வாறு பழகிய கிருமிக்கு ஒரு விசித்திர இயல்பு அமைந்துவிட்டது: குளிர்ந்த காற்று உரசிச் செல்லும் நாசியில் அது பெருகும், உடலின் உள்வெப்பம் நிலைத்திருக்கும் நுரையீரலில் அதனால் பெருக முடியாது. விருந்தாளியைத் திண்ணை வரைக்கும் வரவிட்டு, நடை தாண்டி உள்ளே விடாத வீட்டைப்போல, நாசி அதை ஏற்றுக்கொள்கிறது. உடலின் காவற்படை அதன் முகத்தை அங்கேயே நன்றாகப் பார்த்து மனத்தில் வாங்கிக்கொள்கிறது. உண்மையான பகைவன் பின்னொரு நாள் அதே முகத்தோடு வரும்போது வாசலிலேயே அடையாளம் தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு நாசித்துவாரத்திலும் 0.1 மில்லிலிட்டர், ஊசியில்லை, அழுகையில்லை. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இப்போது அங்கே இரண்டு வயதிலிருந்து நாற்பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்குத் தரப்படுகிறது. இங்கிலாந்தில் 2013 முதல் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்திலேயே சேர்ந்துவிட்டது.

நமக்கும் இது முற்றிலும் அந்நியமன்று. நாசி வழியே மருந்து செலுத்தும் நசியம் நம் வைத்திய மரபில் பழமையானது. பன்றிக் காய்ச்சல் என்று நாம் பெயரிட்டு நடுங்கிய கிருமிக்கு எதிராக, 2010இல் புனேயின் சீரம் நிறுவனம் மூக்கு வழித் தடுப்புமருந்து செய்து வெளியிட்டது. 2023 குடியரசு தினத்தன்று ஹைதராபாத்தின் பாரத் பயோடெக், கொரோனாவுக்கு மூக்கு வழி மருந்தை அறிமுகப்படுத்தியது.

இனி, பெரியம்மா கேட்ட பசை. உயிருள்ள கிருமி குப்பியிலேயே செத்துப்போகாமல் இருக்க, அதைத் தாங்கி நிறுத்துகிற ஒரு பொருள் வேண்டும். இங்கிலாந்தில் தரப்படும் அந்த மருந்தில் அந்த வேலையைச் செய்வது பன்றியிலிருந்து எடுத்து, மிகமிகச் சுத்திகரித்த ஜெலட்டின். அதுமட்டுமன்று; அந்தக் கிருமியை வளர்ப்பதே கருவுற்ற கோழிமுட்டைக்குள்தான். இவ்விரண்டையும் மறைக்காமல் சொன்னால் பெரியம்மா ‘வேண்டாம்’ என்றுவிடுவார் என்று எனக்குத் தோன்றிற்று. ‘பன்றியெல்லாம் ஒன்றுமில்லை பெரியம்மா, யாரோ கட்டிவிட்ட புரளி’ என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் குழந்தைக்கு நன்மை, தாய்க்கு நிம்மதி, பாட்டிக்கு ஆசாரக் குறைவில்லை. சொல்ல வாயெடுத்தவன், ஒரு பழைய மனிதரை நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

அவர் எல்லிஸ். சென்னையில் கலெக்டராக இருந்து, திருக்குறளுக்கு உரை எழுதப் புகுந்து, தம்மை எல்லீசன் என்றே தமிழில் எழுதிக்கொண்டவர். தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே நிறுவியவர். தமிழன் அவரிடம் பட்ட கடன் பெரிது. 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தியாவின் முதல் பசு அம்மைப்பால் வைக்கப்பட்ட பிறகு, அதை மக்களிடம், குறிப்பாக வைதிகர்களிடம், கொண்டுசெல்வது பெரும்பாடாக இருந்தது. எல்லிஸ் ஒரு வழி கண்டார். அம்மைப்பாலைப் பசுவின் அருட்கொடையாகப் போற்றும் சமஸ்கிருதச் செய்யுளைத் தாமே இயற்றி, பழைய காகிதத்தில் எழுதச் செய்து, எங்கோ கண்டெடுத்த புராதனச் சுவடி என்று உலவவிட்டார் என அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள். நோக்கம் தூயது, உயிர்களைக் காக்கும் கருணையிலிருந்து பிறந்தது. ஆனாலும் அது பொய். அத்தகைய போலிச் சுலோகங்களை மெய்யென்று நம்பி, அம்மை குத்துதல் நம் ரிஷிகள் கண்டதே என்று இன்றும் மேடையேறிப் பேசுகிற நல்லவர்கள் இருக்கிறார்கள். நன்மைக்காகச் சொன்ன பொய், அந்த நன்மை நிறைவேறிய பிறகும் சாகவில்லை. மேலும், ஒருவருடைய பக்தியைக் கருவியாக்கிக்கொண்டு அவரை ஏமாற்றுவது, அவருக்கு யோசிக்கும் ஆற்றல் இல்லை என்று தீர்மானித்துவிடுவதற்குச் சமானம். எழுபத்தெட்டு வயதுவரை தம் ஆசாரத்தைத் தாமே அறிந்து காத்துவந்த ஒருவரிடம் அந்தத் தீர்மானத்தை எடுக்க நான் யார்?

“ஆமாம் பெரியம்மா, பன்றிப் பசை இருக்கிறது. முட்டையிலும் வளர்க்கிறார்கள்” என்றேன்.

கத்தரி நின்றது. “இதெ மத்தவங்க கேக்கலயா? பாய்மாருங்க?” என்று அவர் கேட்டார். அவருடைய பழைய கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த ராவுத்தர் வீட்டுப் பெண் அவருக்கு இருபது ஆண்டுத் தோழி.

கேட்டிருக்கிறார்கள், நம்மைவிட நுட்பமாகவே கேட்டிருக்கிறார்கள். ஒரு பொருள் தன் இயல்பையே இழந்து வேறொன்றாகிவிட்டால் பழைய விலக்கு அதைத் தொடருமா என்பது இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக வாதித்த கேள்வி. உப்பளத்தில் விழுந்த கழுதை காலப்போக்கில் உப்பாகவே ஆகிவிட்டால், அந்த உப்பு தூயதுதான் என்பது ஹனஃபி மரபின் உதாரணம். நம் கொங்கு நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் வாழும் ஷாஃபிகளோ, மது காடியாக மாறுவது போன்ற சில இடங்களில் தவிர, அந்த வாதத்தை அவ்வளவு தாராளமாக ஏற்பதில்லை. 1995இல் குவைத்தில் கூடிய அறிஞர் சபை, பன்றியின் ஜெலட்டின் உருமாறிவிட்ட பொருள் என்று கொண்டு அனுமதித்தது. 2018இல் இந்தோனேசிய உலமா சபை, தட்டம்மைத் தடுப்பூசியில் பன்றிச் சம்பந்தம் இருப்பதால் அது ஹராமே என்று ஒளிக்காமல் சொல்லி, ஹலாலான மாற்று கிடைக்கும்வரை நிர்ப்பந்தம் கருதிப் போட்டுக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்து முஸ்லிம்களில் ஒரு சாரார் மூக்கு மருந்தை ஏற்றுக்கொண்டார்கள்; மற்றொரு சாரார் பசையில்லாத மாற்று வேண்டும் என்று கேட்டார்கள். அவ்வாறு கேட்டதன் பயனாக இன்று அங்கே, சமயக் காரணத்தால் மூக்கு மருந்தை வேண்டாமென்பவர் குழந்தைக்கு ஜெலட்டின் இல்லாத ஊசி தரப்படுகிறது. பெரியம்மாவின் பேத்திக்கும் அந்த வழி திறந்திருப்பது, முன்பின் அறியாத அந்த முஸ்லிம் பெற்றோர்கள் கூசாமல் கேட்டதால்தான்.

நம் சாஸ்திரங்களில் இதற்கு இணையானது ஆபத்தர்மம். சாந்தோக்ய உபநிஷத்தில் உஷஸ்தி சாக்ராயணர் என்ற வேதவித்தின் கதை வருகிறது. குரு நாட்டில் பயிரெல்லாம் அழிந்து பஞ்சம் சூழ்ந்த காலத்தில், அவர் மனைவியோடு ஒரு யானைப்பாகன் ஊரில் வந்து தங்குகிறார். பசி உயிரைக் குடிக்கிறது. பாகன் தின்றுகொண்டிருந்த பயற்றில் மிச்சத்தை, எச்சில் என்று தெரிந்தே, வாங்கி உண்கிறார். பாகன் தன் தண்ணீரையும் நீட்டுகிறான். ‘அது எச்சில்’ என்று மறுக்கிறார். பயறு மட்டும் எச்சிலில்லையா என்று அவன் கேட்க, அதைத் தின்னாவிட்டால் நான் பிழைத்திருக்க மாட்டேன், தண்ணீரோ எனக்கு வேறெங்கும் கிடைக்கும் என்கிறார். ஆபத்து எவ்வளவோ அவ்வளவே விதிவிலக்கு. அதற்குமேல் ஒரு மிடறு கூடக் கிடையாது. எத்தனை கடுமையான நேர்மை! ஆசாரத்தை வீசியெறிந்தவரும் இப்படிச் செய்யமாட்டார். ஆசாரத்தை உயிரினும் மேலாகப் பிடித்துக்கொண்டு மடிகிறவரும் இப்படிச் செய்யமாட்டார். உயிரையும் நியமத்தையும் சேர்த்து நேசித்தவர் ஒருவரால்தான் பயற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே அந்தக் கோட்டைக் கிழிக்க முடியும்.

கதையைக் கேட்டதும் பெரியம்மா சொன்னார்: “அப்பிடின்னா பசையில்லாத ஊசி நமக்குத் தண்ணி மாதிரி. வேற பக்கம் கெடைக்குது.” உபநிஷத் படித்த பலர் எனக்கு இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை.

ஆனால் அவர் இன்னொன்றும் கேட்டார். அதுதான் என்னை அன்றிரவு உறங்கவிடாத கேள்வி. “எதுவுமே போடாம உட்டா என்ன தம்பி? புள்ளைக்கு நல்ல ஒடம்பு. காய்ச்சல் வந்தா நாலு நாள்ல போயிருது. உஷஸ்திக்கு உசுரு போற பசி. இவளுக்கு என்ன ஆபத்து?”

ஆபத்து யாருடையது என்பதே இந்த மருந்தின் உள்ளே இருக்கும் தத்துவ வினா. உஷஸ்தியின் பசி உஷஸ்தியின் வயிற்றோடு நின்றது. ஃப்ளூ அப்படியல்ல. குழந்தைகள் அக்கிருமியை முதியோரைவிட அதிகமாக, அதிக நாட்கள், தும்மலிலும் இருமலிலும் வெளியே விடுகிறார்கள். மடியில் ஏறி முத்தமிடுகிற பேரக் குழந்தையிடமிருந்து பாட்டி பெறுவதில் அதுவும் ஒன்று. இங்கிலாந்தின் திட்டமே இந்த இரட்டை நோக்கத்தோடு வகுக்கப்பட்டது: குழந்தையையும் காப்பது, குழந்தையின் வழியே பரவுவதையும் தடுப்பது. ஜப்பானில் 1960களிலிருந்து பள்ளிப்பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டார்கள். 1977இல் சட்டமே கட்டாயமாக்கிற்று. 1987இல் பெற்றோர் மறுக்கலாம் என்றார்கள். 1994இல் திட்டத்தையே நிறுத்தினார்கள். பிற்பாடு 2001இல் வெளியான ஓர் ஆய்வு, பிள்ளைகளுக்கு ஊசி போட்ட அந்த ஆண்டுகளில் வருஷத்துக்கு 37,000 முதல் 49,000 மரணங்கள் தவிர்க்கப்பட்டன என்றும், அவற்றில் பெரும்பகுதி முதியோருடையவை என்றும் மதிப்பிட்டது. மதிப்பீட்டின் அளவைப் பற்றி அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. பாதியாகவே கொண்டாலும், ஒரு தேசத்துப் பிள்ளைகள் தாம் அறியாமலே எத்தனை பாட்டன் பாட்டிகளைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள்!

ஒருவர் உடலில் செய்யும் காரியத்தின் பலன் இன்னொருவருக்குப் போகலாமா? அவரவர் வினை அவரவர்க்கு என்று நம்புகிற நம் மரபில் இது இடறும் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். நம் ஊரைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இடறாது. பங்குனியில் கொண்டத்துக்காளியம்மன் கோயில் குண்டத்தில், பொழுது விடியுமுன் செந்தணலாய்க் கிடக்கும் கட்டைகளின் மேல் இறங்குகிற ஆயிரக்கணக்கான பக்தர்களில் தனக்காக மட்டும் இறங்குகிறவர் எத்தனை பேர்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நேர்ந்துகொண்ட தகப்பன், தாயின் கண் தெளியவேண்டும் என்று காப்புக் கட்டிய மகன், இவர்களே மிகுதி. பெரியம்மாவின் கணவரும் ஒரு முறை இறங்கியவர். இன்று இங்கிலாந்திலிருந்து போனில் கேட்கிற அந்த மகள் ஏழு மாதக் குழந்தையாய்ச் சுரத்தில் துவண்டபோது நேர்ந்துகொண்டது அது. ஒருவர் பாதம் சுடப்படுவதன் பலன் இன்னொருவர் நெற்றிக்குப் போகும் என்பதை இந்த ஊர் ஆண்டுதோறும் நடந்து காட்டுகிறது. மின்கட்டண உயர்வை எதிர்த்து நடந்த கிளர்ச்சியில் 1970 ஜூன் 19ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மூன்று உழவர்களின் நினைவும் இவ்வூரில்தான் இருக்கிறது. அவர்கள் இறந்ததும் தம் கிணற்றுக்காக மட்டுமன்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. குண்டம் இறங்கிய தகப்பன் தானாக இறங்கினான். ஐந்து வயதுக் குழந்தை தானாகவா மூக்கை நீட்டுகிறது? இந்த மறுப்பை நான் இலேசாகக் கருதவில்லை. அந்த மருந்தால் குழந்தைக்கு யாதொரு நன்மையும் இல்லாமல், பிறருக்கு மட்டுமே நன்மை என்றிருக்குமானால், பெற்றோர் கையெழுத்திடக் கூடாது என்றே சொல்வேன். குழந்தையைக் கருவியாக்கும் உரிமை பெற்றவர்க்கும் இல்லை. ஆனால் குழந்தைக்கே அது காவல். நல்ல உடம்புள்ள குழந்தைகளும் ஃப்ளூவில் நுரையீரல் சளிபிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். மருந்தின் தொல்லை பெரும்பாலும் இரண்டு நாள் மூக்கொழுகல்தான். இழுப்பு கடுமையாக உள்ள சிறுபிள்ளைகளுக்கும், நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் அதைத் தருவதில்லை. முதியோருக்கும் தருவதில்லை, நலிந்த கிருமி ஆயுள் முழுதும் ஃப்ளூவைப் பார்த்துப் பழகிய முதிய நாசியில் வேரூன்றாமல் போய்விடுகிறது, ஆகையால் அவர்களுக்கு ஊசி. தனக்கு நன்மையான ஒன்றைக் குழந்தை பெற்றுக்கொள்ளும்போது, அந்நன்மை வழிந்து பாட்டியின் மடிவரை வருகிறது என்றால், அதைத் தடுக்கும் தர்மம் எனக்குத் தெரிந்து இல்லை.

எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது சுவாசத்தைப் பற்றிய எண்ணம். என் பிராணன், என் மூச்சு என்று பேசுகிறோம்; பிராணாயாமத்தில் எண்ணி எண்ணி உள்ளிழுத்து அடக்கி விடுகிறோம். பவர் டேபிளில் வரிசையாக ஐம்பது மிஷின் ஓடும் ஒரு பனியன் கம்பெனிக்குள் போய் நின்றால், அந்த எண்ணம் எவ்வளவு குறுகியது என்று தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் மிதக்கும் பஞ்சு யாருடைய மிஷினிலிருந்து கிளம்பியது என்று யார் சொல்ல முடியும்? டைலர் விட்ட மூச்சைக் கைமடிப் பெண் இழுக்கிறாள். அவள் விட்டதை ஒடிசாவிலிருந்து வந்த செக்கிங் பையன் இழுக்கிறான். இரவு ஒன்றரை ஷிப்ட் முடிந்து பத்துப் பேர் படுக்கும் ஓரறையில் அவன் அதைப் பகிர்ந்துகொள்கிறான். உணவில் ஆசாரம் சாத்தியம். என் இலை, உன் இலை என்று பிரிக்கலாம். சுவாசத்துக்கு இலை கிடையாது. உணவைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக விதிவகுத்த நாம், பிறர் முகத்தில் இருமாமல் இருப்பதை ஓர் அனுஷ்டானமாக ஏன் வளர்க்கவில்லை என்று நான் வருந்துவதுண்டு. வாயைத் துணியால் மூடிப் பேசும் சமணத் துறவிகளிடம் அந்த ஜாக்கிரதை இருந்தது. நமக்குப் பக்கத்து விஜயமங்கலத்தில் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது, அந்த ஜாக்கிரதை நம்மிடம் வந்து சேரவில்லை.

மறுநாள் காலை, நான் இவற்றையெல்லாம் என் தடுமாறிய மொழியில் சொல்லி முடித்தபோது, பெரியம்மா பேசாமல் இடதுகை ரவிக்கையைச் சற்று மேலேற்றிக் காட்டினார். சுருங்கிய தோலில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, வட்டமான அம்மை குத்திய தழும்பு. கிண்டி கிங் நிலையம் போன்ற இடங்களில் கன்றுகளின் தோலைக் கீறி அதில் வளர்த்து எடுத்த அம்மைப்பால் அது. சிறு பிள்ளையாய்க் காட்டுவேலைக்குப் போன வழியில், அம்மை குத்துகிறவர் பிடித்து நிறுத்திக் குத்தினாராம். வீட்டில் ‘ஆத்தாள் கோபித்துக்கொள்வாள்’ என்று மூன்று நாள் வேப்பிலை கட்டி, விளக்கேற்றி, மன்னிப்புக் கேட்டார்களாம்.

“மாட்டுல இருந்து எடுத்ததுன்னு அன்னிக்கு ஆரும் எங்கிட்டச் சொல்லல. சொல்லியிருந்தா எங்கம்மா உட்டிருக்க மாட்டா. எங்கூட வெளையாண்ட ரெண்டு பேரு அம்மை வாத்துப் போயிட்டாங்க. நான் இருக்கறேன்.”

ஆத்தாள் கோபித்துக்கொண்டாளா? 1975க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். அம்மன் அந்த நோயாகவே இருந்திருந்தால் அன்றே கோயில்கள் இருண்டிருக்க வேண்டும். கொங்கு நாட்டில் மாரியம்மனுக்கும் காளியம்மனுக்கும் கூடும் கூட்டம் அன்றைவிட இன்று பன்மடங்கு. ஜனங்கள் இத்தனை காலம் வணங்கியது கொப்புளத்தை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நோயில் தெய்வத்தின் முகத்தைக் கண்டவர்கள், நோய் நீங்கிய வெற்றிடத்திலும் அதே முகத்தைக் கண்டார்கள்.

அன்று மாலை பெரியம்மா என் முன்னிலையிலேயே மகளுக்குப் பேசினார். “உம் மனசுக்குச் சேரலைன்னா மூக்குல அடிக்க வேண்டாம் கண்ணு. பசையில்லாத ஊசி இருக்குதாமா, அதெக் கேட்டு வாங்கிப் போடு. அதும் கெடைக்கலீன்னா மூக்குலயே அடிச்சுடு, பாவம் என்னோடது. போடாம மட்டும் இருந்துறாத.” பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, மடியிலிருந்த பீஸை எடுத்து நூல் நறுக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் சொல்லி, குழந்தைக்கு ஊசியே போட்டார்கள்.

பன்றியின் சம்பந்தத்தை மூடி மறைக்காமல், முட்டையைச் சொல்லாமல் விடாமல், மருந்தைக் கட்டாயமாகத் திணிக்காமல், ஆசாரமுள்ளவர்களை அறிவிலிகள் என்று ஏளனம் செய்யாமல், இந்தப் பேச்சு ஊர்தோறும் நடக்கவேண்டும் என்பதே என் விருப்பம். நம் அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ இன்னும் சேரவில்லை. தனியார் மருத்துவரிடம் பெரும்பாலும் கிடைப்பது ஊசிதான். வடகிழக்குப் பருவமழையோடு தமிழ்நாட்டில் இந்தக் காய்ச்சல் தலைதூக்குகிறது. ஊசியின் பலம் உடலில் ஏற இரண்டு வாரம் ஆகும். பஞ்சுத் தூசியில் ஆயுளைக் கழித்துவிட்டு இப்போது திண்ணையில் உட்கார்ந்து இருமுகிற பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். ஐப்பசி மழை இறங்குமுன் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மருந்து எதிலிருந்து எடுத்தது என்று அவர் கேட்டால், உள்ளபடியே சொல்லச் சொல்லுங்கள்.